காலிங் பெல்லுக்கு ஒரு பல்ப்

கொல்கத்தாவின் பவானிபூரில் நாங்கள் வாங்கியது பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி வீடு. வயரிங் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று எலக்ட்ரிக் மிஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எந்த ஸ்விட்ச் எங்கே, எந்த பாயின்ட் எந்த உயரத்தில் என்று ஒரு வாரம் ஆபீஸிலேயே உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். சால்ட் லேக்கில் என் மேனேஜர் அதைப் பார்த்து, ஏதோ புராஜெக்ட் வேலை என்று பாராட்டிவிட்டுப் போனார். நானும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான், என் மனைவி, மிஸ்திரி மூன்று பேரும் காலி வீட்டில் நின்றோம். இன்று சாக்பீஸால் குறிப்பதுதான் கடைசி, நாளை சுவரை வெட்டி பைப் பதித்துவிட்டால் மாற்ற முடியாது என்றார் மிஸ்திரி. ஹாலில் நான் வைத்ததுதான் சட்டம். டீவிக்கு எதிரே என் சோபா. உட்கார்ந்தபடியே கை நீட்டினால் ஃபேன், லைட், சார்ஜர் எல்லாம். எழுந்திருக்காமல் வாழ்வது எப்படி என்பதைத்தான் ஒரு வாரம் வரைந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

சமையலறைக்கு வந்தோம். மிஸ்திரி சுவரைப் பார்த்துக் குறித்தபடியே, "பௌதி, மிக்ஸி கொத்தாய் ராக்பென்?" என்றார். அண்ணி, மிக்ஸியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்கிறார். என் மனைவி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"எங்க வைப்பேன்னு கேக்கறார், நீ ஆமாங்கற. காது என்ன செவிடா?"

எங்கள் வீட்டில் நாளைக்கு நாலு தடவை வரும் வசனம் இது. சோபாவிலிருந்து காபி கேட்டுப் பதில் வராவிட்டால் இதுதான். அவளுடைய பெங்காலியையும் நான் விட்டுவைத்ததில்லை. வந்த புதிதில் மீன்காரரிடம் அடித்துப் பேரம் பேசியவள், இரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டு பௌதியைப் பார்த்தால் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள். மகாராணிக்கு பாஷை மறந்துபோச்சா என்று கேலி செய்துகொண்டிருந்தேன்.

அவள் மிஸ்திரியிடமிருந்து சாக்பீஸை வாங்கி, அடுப்புக்கு எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

"இங்க ஒரு சின்ன பல்ப் வேணும். காலிங் பெல்லை அமுக்கினா எரியணும்."

"பெல்லுதான் சத்தம் போடுமே. வெளிச்சம் எதுக்கு, திருவிழாவா?" என்று சிரித்தேன்.

நான் பேசி முடிக்கும்வரை என் வாயையே பார்த்தாள். பிறகு, "சத்தம் எனக்குக் கேக்கறதில்லைங்க" என்றாள். "இடது காது போயே போச்சு. வலதுல பாதி இருக்கு. வாயைப் பாத்தா தமிழ் புரிஞ்சிடுது. பெங்காலி புரியல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா. டாக்டர்கிட்டகூடத் தனியா போயிட்டு வந்தேன். மிஷின் வைக்கச் சொல்றார். வச்சுக்கறேன். அதைக் கழட்டி வச்சிருக்கறப்ப யாராவது வந்தா?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்கதான் தினமும் கேக்கறீங்களே, காது செவிடான்னு. ஆமான்னு எப்படிங்க சொல்றது?"

தமிழ் தெரியாத மிஸ்திரி எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்தார். சுவரை விட்டு வந்து அவளுக்கு நேராக நின்றுகொண்டு, கையால் வட்டம் காட்டி, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: படுக்கையறையிலும் ஒன்று வேண்டாமா? துணி காயப்போடும் பால்கனியில்? அவள் சுத்தமான பெங்காலியில் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். அவளை ஒரு மணி நேரம் முன்புதான் பார்த்தவருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

குறித்து முடித்து மிஸ்திரி டீ குடிக்கக் கீழே போனார். அவள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே, "பெல் அடிக்கறவங்களுக்கு ஆச்சு. நீங்க உக்காந்த இடத்துலேருந்து கூப்பிடுவீங்களே, அதுக்கு எங்க பல்ப் போடறது?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கண் கலங்கியிருந்தது.

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இனிமே நானே எழுந்து வந்து கூப்பிடறேன்" என்றேன்.

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்து நின்றிருந்தாள். கிட்டே போய், அவள் முகத்தைப் பார்த்து மறுபடியும் சொன்னேன்.