ஆறாவது கைப்பிடி

ஸ்வாலா சமையலறை மேசையில் உட்கார்ந்து ஆட்டு இரைப்பையைப் பைகளாகத் தைத்துக்கொண்டிருந்தாள். சுரண்டிக் கழுவி வெளுத்த தோலை மடித்து, ஒரு பக்கம் மட்டும் வாய் விட்டு, பருத்தி நூலால் நெருக்கித் தைக்க வேண்டும். பிறகு ரத்தமும் ரை தானிய மாவும் கொழுப்பும் கலந்த கூழை முக்கால் பைக்கு ஊற்றி, வாயைத் தைத்து மூடி, ஊசியால் அங்கங்கே குத்திவிட்டுக் கொதிநீரில் இறக்க வேண்டும். குத்தாமல் விட்டால் பானைக்குள்ளேயே வெடித்துவிடும். ஆடு அறுக்கும் காலம் வந்தால் இது இரண்டு பெண்களின் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் ஓரகத்தி அர்ண்டிஸும் எதிரெதிரே உட்கார்ந்து, ஊரையெல்லாம் வாயில் போட்டு மென்றபடி தைத்து முடிப்பார்கள். இந்த வருஷம் எதிர் நாற்காலி காலி. அர்ண்டிஸின் புருஷன் கெஸ்துர் முந்தாநாள் செத்துப்போயிருந்தான். யார் செத்தாலும் ஆட்டு ரத்தம் காத்திருக்காது.

ஜன்னலோரம் நின்று ஸ்டெய்னர் வாளியில் ரத்தத்தைக் கிண்டிக்கொண்டிருந்தான். அவன் ஸ்வாலாவின் புருஷன், கெஸ்துரின் கூடப்பிறந்த தம்பி.

"கட்டி தட்டுது பாரு. கைய நிறுத்தாத."

"நிறுத்தலையே."

"நிறுத்தின. ஜன்னல் வழியா சர்ச்சையே பாத்துட்டிருந்த."

அவன் கிண்டினான். சர்ச்சின் சிவப்புக் கூரை அங்கிருந்து நன்றாகத் தெரியும். சனிக்கிழமை கெஸ்துரை அங்கேதான் வைப்பார்கள்.

ஸ்டெய்னர் பால் லாரி ஓட்டுகிறவன். வடக்கே, கடல் உள்ளே புகுந்து கிடக்கும் அந்தப் பள்ளத்தாக்கில், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வருவதுதான் வாலிப வயதிலிருந்து அவன் பிழைப்பு. பனிப்புயலில் சாலை மூடிக்கொண்டால் மற்ற ஓட்டுநர்கள் போனில் கைவிரித்துவிடுவார்கள். "ஸ்டெய்னர் வரேன்னு சொன்னானா?" என்று மட்டும் பண்ணைக்காரர்கள் கேட்பார்கள். சொன்னான் என்றால் தொட்டியிலிருந்த பாலைக் கவிழ்க்க மாட்டார்கள். விடிந்தாவது வந்து நிற்பான். ஸ்வாலா அவனைக் கட்டியதும் அதற்காகத்தான். சனிக்கிழமை நடனத்துக்கு வருகிறேன் என்றவன், மலைப்பாதை அடைபட்டிருந்தும் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்து சேர்ந்தான். மீசையெல்லாம் உறைந்துபோய், ஆடவே முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். இவன் சொன்னால் செய்வான் என்று அன்றைக்கே அவளுக்குப் பட்டுவிட்டது.

லாரியில் தனியாகப் போகும்போது பள்ளிக்கூடத்தில் படித்த பழைய தெய்வப் பாட்டுகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவான். ஓடின், தோர் என்கிற அந்தத் தெய்வங்களை அப்படித்தான் அவன் வழித்துணையாக்கிக்கொண்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெர்க்ரூன் என்று எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். வார நாட்களில் கம்பி இழுப்பாள், பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்களுக்குப் பூசாரியும் அவள்தான். ஒரு தடவை அவர்கள் விருந்துக்குப் போய்விட்டு வந்தவன், "அங்க யாரும் முட்டி போடச் சொல்லல," என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரமே சர்ச்சிலிருந்து பேரை எடுத்துவிட்டான். ஸ்வாலா எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சர்ச்சுக்குப் போனாள், அவர்கள் விருந்துக்கு ஆட்டுக்கறி சூப்பும் வைத்துக் கொடுத்தாள். "எந்தச் சாமியா இருந்தாலும் சூப்பு என் தலையிலதான்," என்பாள்.

கெஸ்துர் சர்ச் சபைத் தலைவன். தம்பியைச் சீண்டாமல் அவனுக்கு ஒரு நல்ல நாள் கழிந்ததில்லை.

"நம்ம வம்சத்துல வரிசையா ஏழு பாதிரியாருடா. உன் வைக்கிங் ரத்தம் எந்தக் குழாய் வழியா வந்துச்சாம்?"

"ஏழு பாதிரிக்கு முன்னாடி யாரு இருந்தா? அதயும் எண்ணு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டு, மலையிலிருந்து இறங்கிய ஆடுகளைப் பிரிக்கப் போய்விடுவார்கள். சிரிப்பு நின்றது அவர்கள் அப்பா தோர்கில்ஸ் செத்த வசந்தத்தில்தான். குழி மேட்டில் நின்று அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைச் சொல்கிறேன் என்று ஸ்டெய்னர் கேட்டான். கெஸ்துர் பாதிரியாரோடு பேசிவிட்டு வந்து, சர்ச் மண்ணில் அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"அப்பா பேர்லயே தோர் இருக்கான். ஒரே ஒரு பாட்டு," என்றான் ஸ்டெய்னர்.

"பேருல இருக்கட்டும், கல்லறைல வேணாம்."

ஸ்டெய்னர் பெட்டியைத் தூக்கினான், மண் போட்டான், வீட்டுக்கு வந்தான். கோடையின் முதல் நாளுக்குப் பெர்க்ரூன் கூட்டத்தார் வைக்கும் விருந்து அந்த மாதக் கடைசியில் வந்தது. சாராயம் நிறைந்த மாட்டுக் கொம்பு வட்டமாகக் கைமாறிக்கொண்டு வரும். வாங்குகிறவர் ஒரு தெய்வத்தின் பேரையோ செத்தவர் பேரையோ சொல்லிக் குடிப்பார். சத்தியம் செய்ய நினைத்தால் நடுவில் இருக்கும் வெள்ளி வளையத்தில் கை வைத்துச் சொல்லலாம். அபூர்வமாகத்தான் யாராவது செய்வார்கள். செய்தாலும், இனிக் குடிக்க மாட்டேன், அடுத்த கோடைக்குள் படகைச் சரிபண்ணிவிடுவேன் என்கிற அளவில்தான் இருக்கும். ஸ்டெய்னர் எழுந்து வளையத்தின்மேல் கை வைத்தான்.

"உசுரு இருக்குற வரைக்கும் அந்தச் சர்ச்சுக் கூரைக்குக் கீழ கால் வைக்க மாட்டேன்."

"யோசிச்சுச் சொல்லு, ஸ்டெய்னர்," என்றாள் பெர்க்ரூன். "இதுல தூக்கினத இறக்கி வைக்க இடம் கெடையாது."

"யோசிச்சாச்சு."

ஸ்வாலா கரண்டியும் கையுமாகச் சூப்புப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். குடித்த மனுஷன் பேச்சு, விடிந்தால் போய்விடும் என்று நினைத்தாள். குடித்தாலும் இவன் ஸ்டெய்னர் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தக் கோடையில் அமெரிக்காவிலிருந்து ஒரு தாடிக்காரன் வந்தான். கழுத்தில் தோரின் சுத்தியல், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தான். தன் கொள்ளுத்தாத்தா கப்பலேறிப்போன பண்ணையைத் தேடி வந்தவன். பண்ணை இருந்த இடத்தில் இப்போது வைக்கோல் உருளைகள்தான் கிடந்தன. ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அழுதான். சத்தியக் கதையை யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டெய்னரைக் கட்டிப்பிடித்து, வைக்கிங் என்றால் நீதான் என்றான். படமும் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டான். முகம் தெரியாதவர்களெல்லாம் கைதட்டி எழுதினார்கள்.

"ஆட்டுப் புழுக்கையும் பூட்ஸுமா நிக்குற. இதப் பாத்தா கைதட்டுறாங்க?" என்றாள் ஸ்வாலா.

"பைத்தியக்காரப் பசங்க," என்றான் அவன். ஆனால் லாரி நிறுத்தத்தில் அவன் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் ஒரு முறைக்கு மேலேயே பார்த்திருக்கிறாள்.

அண்ணன் தம்பி பேச்சு நிற்கவில்லை. ஆடு, டயர், வானிலை என்று பேசிக்கொண்டார்கள். சர்ச்சுப் பேச்சு வந்தால் இருவரில் ஒருவர் எழுந்துவிடுவார். இப்படியே வருஷங்கள் ஓடின. போன கோடையில் கெஸ்துருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவனை ஸ்டெய்னர் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது ஸ்வாலாவும் கூட இருந்தாள்.

"தலைமாட்டுல வலது பக்கம் நீதான் புடிக்கணும்," என்றான் கெஸ்துர். "மத்த பசங்க எல்லாம் குட்டை. பொட்டி சாஞ்சிரும்."

ஸ்டெய்னர் எழுந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினான். உறிஞ்சுகுழலை வளைத்து அண்ணன் வாயில் வைத்தான். கெஸ்துர் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மாட்டேன் என்று தம்பி சொல்லவில்லை, அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

வாளி நிறைய ரத்தம் மாவோடு சேர்ந்து இறுகிக்கொண்டு வந்த நேரத்தில் கதவு திறந்தது. அர்ண்டிஸ். தட்டிவிட்டு வருகிற வழக்கம் அந்த வீட்டில் அவளுக்கு எப்போதும் கிடையாது. கோட்டைக்கூடக் கழற்றாமல் காலி நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியை எடுத்துக் கோத்து, ஒரு பையைத் தைக்க ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் நீ எதுக்கு. நான் பாத்துக்கறேன்," என்றாள் ஸ்வாலா.

"கைக்கு வேலை வேணும்." நாலு தையல் போட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே, "ஸ்டெய்னர், சனிக்கிழமை வலது பக்கம் தலைமாடு உனக்குத்தான்," என்றாள்.

"வாசல்ல நிக்கறேன், அர்ண்டிஸ். படி தாண்டினதும் வாங்கிக்கறேன். குழி வரைக்கும் நானே சுமக்கறேன்."

"வாசல்லயா? பஸ்ஸுல ஏறுற மாதிரி நடுவுல ஏறிக்குவியா? உள்ள அஞ்சு பேரு கோணலா தூக்கிட்டு வரணும், தொர வெளில கை நீட்டிட்டு நிப்பாரு!"

"நான் சொன்னது உனக்குத் தெரியும்."

"அவரு சொன்னதும் உனக்குத் தெரியும். தண்ணி குடுத்தியாமே. நம்பிட்டுதான் போனாரு."

"நான் அவருகிட்ட வரேன்னு சொல்லல."

"வரலைன்னும் சொல்லல இல்ல?" அர்ண்டிஸ் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தப் பாட்டு விஷயத்த நெனச்சுக் கடைசி வரைக்கும் புலம்பினாருடா. உங்கிட்ட சொல்ல வாய் வரல. ரெண்டு பேருக்கும் ஒரே வாய்."

தைத்த பையை மேசையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். ஸ்டெய்னர் ரத்தத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தான், அதற்குமேல் கிண்டத் தேவையில்லை என்று தெரிந்தும்.

அவன் ஆடு பார்க்கக் கிளம்பியதும் ஸ்வாலா பெர்க்ரூனுக்குப் போன் போட்டாள்.

"நீதான பூசாரி. அவுத்து விடு அவனை."

"நான் கட்டலையே ஸ்வாலா, அவுக்கறதுக்கு. வளையம் சாட்சி, அவ்வளவுதான். பாதிரியாரு மன்னிப்பாரு, எங்கள்ல மன்னிக்க ஆள் கெடையாது."

"உள்ள போனா என்ன பண்ணுவீங்க? தள்ளி வெப்பீங்களா?"

"தள்ளி வெக்கறதா? அடுத்த விருந்துல அதே சூப்புதான் ஊத்துவோம். கொம்பு கைக்கு வரும்போது, சொன்னத மீறிட்டேன்னு எந்திரிச்சு நின்னு சொல்லணும். அவ்வளவுதான் செலவு. ஆனா உன் புருஷனுக்கு அதுதான பெரிய செலவு?" என்றாள் பெர்க்ரூன். "நானா இருந்தா போவேன். அவன்கிட்ட சொல்லு, பெர்க்ரூன் போவான்னு."

ஸ்வாலா சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அவ போவா," என்றான். "அவ வளையத்துல கை வெச்சுச் சொல்லலையே."

"வாய் தவறி விழுந்த ஒரு பேச்சு, அதுக்கு இவ்வளவா?"

"தவறி விழல. சொன்னேன். அத மீறினா, இத்தன வருஷமா பனியில லாரி ஓட்டினது எல்லாம் யாரு?"

அந்த வார்த்தையைப் பார்த்துத்தானே அவளும் அவனைக் கட்டினாள்.

சனிக்கிழமை பனியும் மழையும் கலந்து சாய்ந்து அடித்தது. ஸ்டெய்னர் அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து சர்ச்சுப் படிக்குக் கீழே நின்றான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் அவனுக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். ஸ்வாலா ஒரு நிமிஷம் அவன் பக்கத்தில் நின்றாள். அவன் சர்ச்சுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனாள்.

பாட்டு முடிந்தது, பாதிரியார் பேசி முடித்தார். பெட்டியைத் தூக்க ஐந்து பேர் எழுந்தார்கள். ஆறாவது கைப்பிடி, வலது பக்கம் தலைமாடு, வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அர்ண்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சபையில் யாரோ இருமினார்கள். ஸ்வாலா கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய் அதைப் பிடித்தாள்.

கனம் அவள் நினைத்ததைவிட அதிகம். தோள் இறங்கியது. கெஸ்துர் சொன்னது சரிதான், பெட்டி சாய்ந்தது. முன்னால் போன பையன் "மெதுவா, சித்தி," என்று முணுமுணுத்தான். கதவைத் தாண்டியதும் சாரல் முகத்தில் அறைந்தது. படியிறங்கினார்கள். ஸ்டெய்னர் இரண்டு எட்டில் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"குடு."

அவளுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். கை விடவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். குழி வரைக்கும் அவன் அவளுக்குப் பக்கத்திலேயே, எதையும் பிடிக்காத கையை வீசிக்கொண்டு நடந்து வந்தான். மண் போடும்போது அவன் உதடுகள் அசைந்தன. அப்பாவுக்குச் சொல்ல விடாத பாட்டாக இருக்கலாம். காற்றில் எதுவும் கேட்கவில்லை.

ஊர்க்கூடத்தில் காப்பியும், சுருட்டிய பான்கேக்கும், புகைபோட்ட ஆட்டுக்கறி வைத்த தட்டை ரொட்டியும் இருந்தன. எல்லோரும் ஸ்டெய்னரோடு பேசினார்கள். சாலையைப் பற்றி, டயரைப் பற்றி. ஒரு பண்ணைக்காரன் அவன் முதுகைத் தட்டி, "திங்கட்கிழமை பால் எடுக்க வருவியா?" என்றான். "வரேன்," என்றான் ஸ்டெய்னர். அர்ண்டிஸ் அவன் கோப்பையிலும் காப்பி ஊற்றினாள், மற்றவர்களுக்கு ஊற்றிய மாதிரியே.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வாலா உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்தாள். ரத்தப் பையில் ஒன்றை எடுத்துச் சுடவைத்து, துண்டு போட்டுத் தட்டில் பரப்பினாள். அர்ண்டிஸ் தைத்த பை அது. தையல் அகலம் அகலமாக இருந்தது. அர்ண்டிஸின் கை வழக்கமாக அப்படிப் போகாது. வலது தோள் வலித்ததால் ஸ்வாலா கத்தியை இடது கையில் பிடித்திருந்தாள்.

"நான் தேய்ச்சு விடறேன்," என்றான் ஸ்டெய்னர்.

"சாப்பிடு."

அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். மென்றான். "நல்லாருக்கு," என்றான்.

ஸ்வாலா எதிரே உட்கார்ந்தாள். அர்ண்டிஸின் நாற்காலி அது.

"நான் இன்னும் சர்ச்சுல இருந்து பேர எடுக்கல."

"தெரியும்."

"எடுக்கப் போறதும் இல்ல. எங்க அம்மா அப்பா அங்கதான் கெடக்காங்க. நான் உனக்கு முன்னாடி போனா என்னையும் அங்கதான் வெப்பாங்க, அந்தக் கூரைக்குக் கீழ."

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"உள்ள வந்து என்னைத் தூக்குவியா, ஸ்டெய்னர்?"

ஆமாம் என்று சொன்னால் அது இன்னொரு வார்த்தையாகிவிடும், முதல் வார்த்தைக்கு எதிராக. அது அவளுக்குத் தெரியும். பொய் சொல்லவும் அவனுக்கு வராது. அவன் வாய் ஒரு முறை திறந்தது. ஜன்னலுக்கு வெளியே சிவப்புக் கூரையில் பனி படிய ஆரம்பித்திருந்தது. உருளைக்கிழங்குத் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்து புகைந்தது. இரண்டு பேரும் எழவில்லை. அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவள்தான் எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். ஏப்ரனைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, வலிக்கிற தோளை மற்றக் கையால் பிடித்தபடி சமையலறையை விட்டு வெளியே போனாள்.