சட்டைப் பைக்கு மேலே அப்பாவின் பெயர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மேற்படிப்புச் செலவுக்கு உதவும் என்று நினைத்துத்தான் கனடாவின் பகுதிநேரப் படையில் சேர்ந்தேன். கிழமையில் ஒரு மாலை, மாதத்தில் ஓரிரு வார இறுதி. டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து சாதாரண உடுப்பில் பஸ் ஏறி, படைக் கட்டடத்துக்குப் போய்ச் சீருடை மாற்றுவேன். அது அம்மாவின் சட்டம். யாழ்ப்பாணத்தில் ஆமி எங்கள் ஒழுங்கைக்குள் வந்த நாட்களை மறக்காதவர் அவர். அந்த உடுப்பு தன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். இது வேறு ஆமி என்று விளக்கிப் பார்த்தேன். உடுப்பு உடுப்புத்தான் என்றார்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. பிறகு பொஸ்னியாவுக்கு, அமைதி காக்கும் படையோடு ஆறு மாதம் போக ஆள் கேட்டார்கள். நான் கை தூக்கினேன்.

அப்பா யோசித்துத்தான் முடிவெடுத்தாயா என்று ஒரு தரம் கேட்டார். ஓம் என்றேன். அதோடு விட்டுவிட்டார். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. சோறு போட்டார், காய்ச்சல் மாத்திரை வாங்கி என் பைக்குள் வைத்தார், பயணத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. புறப்படும் வியாழக்கிழமை குடும்பத்தவர்கள் வந்து வழியனுப்பலாம் என்று கடிதம் தந்திருந்தார்கள். வாசித்துக் காட்டினேன். கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். போவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அம்மா முகம் கொடுக்காமல் இருக்க நான் எப்படிப் படி இறங்குவது?

புறப்பட ஆறு நாள் இருக்கும்போது புதுச் சீருடைகள் கிடைத்தன. ஒவ்வொரு சட்டையிலும் வலது பைக்கு மேலே பெயர்த் துண்டு தைக்க வேண்டும். திங்கள் காலை பரிசோதனை. படையின் தையற்காரரிடம் நீண்ட வரிசை. வேறு வழியில்லாமல் சட்டத்தை மீறி எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை காலை அம்மா மரக்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசியும் நூலுமாக இருந்தேன்.

முதலாவது சட்டை முடியுமுன் அவர் வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் சட்டையைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

“இதை ஆர் தைச்சது?”

“நான்தான் அம்மா.”

“பாக்கவே தெரியுது. இவ்வளவு படிச்சும் நேர்கோடு எண்டா என்னெண்டு தெரியேல்லை.”

அம்மா வேலை செய்தது தையல் தொழிற்சாலையில். காலை முதல் மாலை வரை சட்டைப் பை தைப்பதுதான் அவருக்கு வேலை. பைக்கு மேலே ஒரு துண்டு சரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை. சட்டையைப் பறித்தார், என் தையலைப் பிளேட்டால் பிரித்தார், கூடத்தில் இருந்த தன் தையல் மெஷினில் போய் இருந்தார். துண்டின் ஓரத்தை மடித்தவர் விரல் அப்படியே நின்றது. இங்கிலிஷ் எழுத்து அவருக்குத் தெரியாது.

“இதிலை என்ன எழுதிக் கிடக்கு?”

“அப்பாவின்ரை பேர்.”

“அவரின்ரை பேரோ? அப்ப உன்ரை?”

இங்கே கடைசிப் பெயரைத்தான் போடுவார்கள், பத்திரங்களில் என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர்தானே என்று சொன்னேன்.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. குடிவரவு அலுவலகத்தில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோதுகூட என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான்தான் சொன்னேன்.

சோபாவில் இருந்த அப்பா காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அப்ப அங்கை நாள் முழுக்க என்னைத்தானே கூப்பிட்டு ஏசுறாங்கள்?”

“ஓம் அப்பா. போன மாதம் உங்களைக் கொண்டு கக்கூஸும் கழுவுவிச்சவை.”

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரே இழுப்பில் தையல் நேராகப் போனது. மற்றச் சட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார். கடைசிச் சட்டையை என்னைப் போடச் சொல்லி, தோளை இழுத்துப் பார்த்து, கை அரை அங்குலம் நீளம் என்றார். பொத்தானை அவரே பூட்டினார். கிட்ட நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?”

பத்து மணிக்கு என்றேன். தொழிற்சாலைக்கு லீவுக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். மேசையில் இருந்து, மகன் வெளிநாடு போவதால் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று இங்கிலிஷில் எழுதி, அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“ஆமியிலை போறான் எண்டு போட்டனியோ?”

“இல்லை அம்மா.”

“போடு,” என்றார்.