எனக்கு பிரெஞ்சு விளங்காது

ஜூரிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்ததால் இன்று காலை நீதிமன்றத்துக்குப் போனேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையாம். அலுவலர் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் நான்தான் அவருக்குத் தமிழில் விளக்கினேன்.

“நான் எப்பிடியும் ஜூரியில இருக்க வேணும், தம்பி. ஊரில எங்களை ஆர் கூப்பிட்டுத் தீர்ப்புக் கேட்டவை?” என்றார்.

நீதிபதி முன் என் முறை வந்தது. வழக்கு ஆறு வாரம் போகுமாம். எனக்கு பிரெஞ்சு சரியாக விளங்காது என்று வேண்டுமென்றே தட்டுத்தடுமாறிச் சொன்னேன். போகலாம் என்றார்.

அடுத்தது அக்கா. தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லில் தன் விருப்பத்தைச் சொன்னார். மொழி போதாதென்று அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் வந்து என் கையைப் பிடித்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“பயத்தில தடுமாறிப் போட்டியள் போல. உங்களுக்கு நல்லாக் கதைக்கத் தெரியும் எண்டு நான் போய் ஜட்ஜிட்ட சொல்லட்டே?”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுது அக்கா” என்றேன். நான் வந்தது மெட்ரோவில்.

திட்ட விரும்புகிறவர்கள் கீழே எழுதலாம். பிரெஞ்சிலும் எழுதலாம், எனக்கு நன்றாக விளங்கும்.