இர்மாவின் தியேட்டரைக் காப்பாற்றினோம்

ஜன்னல் வழியாக டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, உள்பக்கமாகவே சுற்றி வந்து, அதே டிக்கெட்டை வாங்கிக் கிழிப்பதற்காக வாசலில் நிற்கிறார் இர்மா கோவல்சுக். "டிக்கெட் எங்க?"

"இப்பத்தானே நீங்க குடுத்தீங்க?" என்றால், "அது அந்த ஜன்னல்காரி. சரியான ஏமாளி, யாரு கேட்டாலும் குடுத்துடுவா. எங்கிட்ட நடக்காது" என்கிறார். முகத்தில் சிரிப்பு இருக்காது. கிழித்ததும் பாப்கார்ன் இயந்திரத்துக்கு ஓட்டம். அங்கிருந்து மாடிப்படி ஏறிப் படத்தை ஓட்ட வேண்டும். படிக்குப் படி யாரையோ திட்டிக்கொண்டே ஏறுவார். யாரை என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கனடாவின் சஸ்காட்சுவானில் எங்கள் ஊருக்கு இருப்பது இந்த ஒரே தியேட்டர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் நான் வாரம் தவறாமல் போகிறவன். என்னையும் சேர்த்து, என் பேருந்தின் முன்சீட்டுகளில் அடங்கிவிடுகிற கூட்டம்தான் வரும். பாதிப் படத்தில் ஹீட்டர் நின்றுவிடும். இர்மா இருட்டில் தடவி வந்து அவரவர் மடியில் கம்பளியைப் போட்டுவிட்டுப் போவார். "செத்துகித்து வைக்காதீங்க, தூக்க என்னால முடியாது."

சென்ற பனிக்காலத்தில் என்னிடம் மட்டும் சொன்னார்: "முட்டி ரெண்டும் போச்சு, ஆர்வில். டயர்க்கடை வெண்டல் கட்டடத்தக் கேக்கறான். டிராக்டர் டயர் அடுக்கணுமாம். குடுத்துட்டு மேற்குக் கடலோரம் விக்டோரியாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அங்க பிப்ரவரியிலயே பூ பூத்துடுதாம்." பூ என்றபோது மட்டும் குரல் இளகியது. வெண்டலை விட்டால் எங்கள் ஊரில் கட்டடம் வாங்க ஆளில்லை. திங்கட்கிழமை கையெழுத்து என்று பேச்சு.

முந்தின நாள் ஞாயிறு மதியம்தான் அந்த வேடிக்கைப் படம் வந்தது. ஒரு சின்ன ஊர், அதில் நொடித்துப்போன ஒரு தியேட்டர், ஊரே திரண்டு அதைக் காப்பாற்றும் கூத்து. 'நம்ம கதையாமே' என்று யாரோ கிளப்பிவிட, ஊர் மொத்தமும் வந்துவிட்டது. பாதிரியார் படியில் உட்கார்ந்து பார்த்தார். ஜன்னல்காரி, வாசல்காரி, பாப்கார்ன்காரி மூவருக்கும் மூச்சு வாங்கியது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் தியேட்டர் கதவு மறுபடி திறந்தபோது, எனக்கு முன்னால் மலைபோல உட்கார்ந்திருந்த வெண்டல் தொப்பியைக் கழற்றிவிட்டு மூக்கைச் சிந்தினான்.

விளக்கு எரிந்ததும் இர்மா திரைக்கு முன்னால் வந்து நின்றார். விடைபெறுவதற்கான பேச்சை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

வெண்டல் எழுந்துவிட்டான். "நீ சொல்லவேணாம் அக்கா, நானே சொல்லிடறேன்! இந்தக் கட்டடத்த வாங்கி டயர் அடுக்கலாம்னு இருந்தேன், பாவி! இனிமே ஒத்த டயர் உள்ள வராது. நீ இருக்கற வரைக்கும் இங்க படம் ஓடும்!"

கைதட்டலில் கூரையிலிருந்து தூசி கொட்டியது. "டேய், அது இல்லடா..." என்று இர்மா சொன்னது முதல் வரிசைக்கே கேட்டிருக்காது. "கொஞ்சம் இருங்கப்பா, அவங்க சொல்றதக் கேளுங்க" என்று நான் எழுந்தேன். "ஆர்விலுக்குக்கூட தொண்டை அடைச்சுப்போச்சு பாரு!" என்று என்னையும் கட்டிக்கொண்டார்கள்.

ஒவ்வொருவராக வந்து இர்மாவை அணைத்துவிட்டுப் போனார்கள். அவருடைய கைகள் தொங்கியபடியே இருந்தன. கடைசியாக வந்த வெண்டலிடம் கேட்டார்: "அடுத்த வாரம் வருவியாடா?"

"அடுத்த வாரம் ஹாக்கி இருக்குல்ல, அக்கா."

வெளியே கார்கள் வெற்றி ஊர்வலம்போல ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பின. இர்மா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். பனிக்காலணிகளைக் கழற்றி, யார் வீட்டுக் கால்களோ என்பதுபோல இரண்டையும் நடைபாதையில் நீட்டிக்கொண்டார். மறுபடி ஒரு ஹாரன், நீளமாக. வெற்றுத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.