பக்கத்து வீட்டுத் தண்ணீர்

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லுக்கு வெளியே வடமதுரை போகிற சாலையோரம், வீடு கட்டும் சங்கம் ஒன்று மனை பிரித்துக் கொடுத்தது. நான் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. கணவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஆறு வருஷம் வாடகை வீடுகளில் ஒண்டிக் கிடந்த எங்களுக்கு அங்கே ஒரு சின்ன ஓட்டு வீடு கிடைத்தது. குடிபோன அன்று மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் காண்டிராக்டர். காலனியின் பாதி வீடுகளைக் கட்டியவர் அவர்தான். பின்னால் இரண்டு எருமைகள் வைத்திருந்தார். நாங்கள் வந்த மூன்றாம் மாதம், தொழுவம் கழுவிய தண்ணீர் எங்கள் கொல்லைக்கு வரும்படி நடுச்சுவரில் ஓட்டை போட்டார். சமையல்கட்டிலிருந்து கிணற்றுக்குப் போகும் வழி முழுக்கச் சாணிச் சேறு.

கணவர் போய்ச் சொன்னார்.

"தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் ஓடும். உம்ம வீடு பள்ளத்துல கெடந்தா நான் என்ன செய்ய?"

கணவர் மண் அணைத்து வரப்புக் கட்டினார். சாயங்காலத்துக்குள் அதை மிதித்து உடைத்திருந்தார்கள். நான் சேலை உலர்த்தினால் காண்டிராக்டர் சுவரோரம் குப்பைக்குத் தீ வைப்பார். எனக்குக் கேட்கும்படி, "பிள்ளையில்லாத வீட்டுக்கு எதுக்கு இம்புட்டுக் கொல்லை?" என்பார். கணவரிடம் அதை நான் சொல்லவில்லை. அவரும் அதைக் கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சங்கத்துக்கு மனு எழுதினோம். செயலாளர் ஜவுளிக்கடைக்காரர். மனுவை வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த மாசக் கூட்டத்துல வச்சுருவோம் சார்." மறுமாதம், "ஆள் சேரலை சார்." அதற்கடுத்த மாதம், "தலைவர் நேர்ல வந்து பாக்கணும்னு சொல்லியிருக்காரு." ஒருவரும் வரவில்லை. எதிர்வீட்டாரிடம் கையெழுத்துக் கேட்டபோது, "எங்க வீட்டு ஓடு ஒழுகுது, காண்டிராக்டர்தான் வந்து பாக்கணும். எங்கள விட்டுருங்க" என்றார்கள். கணவர் ஒரு வருஷம் மனு எழுதிக்கொண்டே இருந்தார், ஆபீசில் எழுதுவதுபோலவே, மரியாதையாக.

அந்த வருஷம் நான் உண்டானேன். ஐந்தாம் மாதம், ஒரு காலையில் அரிசி களைந்துவிட்டுத் திரும்பும்போது அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தேன்.

பெண் குழந்தை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. கணவர் மதிலுக்கு வெளியே எங்கோ புதைத்துவிட்டு வந்தார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

காண்டிராக்டரின் மனைவி கிண்ணத்தில் மிளகு ரசத்தோடு வந்தாள். "நான் எம்புட்டோ சொன்னேன் டீச்சர். கேக்க மாட்டேங்கிறாரு" என்று சொல்லி அழுதாள். அந்த ரசத்தை நான் தொடவில்லை. அவள் போன பிறகு அதற்காகவும் அழுதேன்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நானே போனேன். பெஞ்சுகளில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள். காண்டிராக்டர் முன்வரிசையில் இருந்தார். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். பிள்ளை போனதையும் சொன்னேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "டீச்சரம்மாவுக்குச் சங்கத்தோட அனுதாபத்தப் பதிவு பண்ணிக்குவோம். அடுத்து, தெருவிளக்கு."

விளக்குக் கம்பம் எந்த முனையில் நட வேண்டும் என்று வெகுநேரம் பேசினார்கள். நான் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

மழைக்காலத்துக்கு முன்பே வீட்டை விற்றுவிட்டு, ஊருக்குள் மறுபடி வாடகைக்கு வந்தோம். சுவர் ஓட்டை கடைசிவரை அடைபடவில்லை. அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவும் இல்லை.

சில வருஷங்கள் கழித்து, ஆத்தூர் பஸ்ஸுக்காக நின்றபோது அந்தச் செயலாளரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவராகவே வந்து பேசினார்.

"நல்லாருக்கீங்களா டீச்சர்? ஆமா, நம்ம காலனிய விட்டு ஏன் போனீங்க? நல்ல காத்தோட்டமான வீடாச்சே."

குத்தலாகக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே அவருக்கு நினைவில்லை.

"ஸ்கூல் தூரமா இருந்துச்சு" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார்.