பாதி வெட்டிய பெப்பி

நோபல் பார்க் என்ற புறநகரில், தாட்சாயினி வீட்டுக் கராஜுக்குள் கார் நிற்பதில்லை, நாய்கள்தான் நிற்கும். எட்டு வருடம் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றுவிட்டு, நாற்பது வயதில் படித்து, நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் தொழிலைத் தொடங்கியவள் அவள். சொந்தக்காரர் சிரித்தார்கள். இப்போது அவளிடம் நாள் கிடைக்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெயரட்ணம் அங்கிள் தன் சுருள்முடி நாய் பெப்பியைக் கூட்டிவந்தார். ஞாயிறு அவருடைய எழுபதாவது பிறந்தநாள். குடும்பப் படத்தில் பெப்பியும் இருக்க வேண்டும்.

"வடிவா வெட்டிவிடு பிள்ளை. கொஞ்சம் கொழுத்துப்போனாள், அது தெரியக்கூடாது."

பெப்பியைத் தூக்கப் போன தாட்சாயினி, வயிற்றில் கை பட்டதும் நிறுத்திவிட்டாள். முலைக்காம்புகள் பெருத்திருந்தன.

"அங்கிள், இது கொழுப்பில்லை. குட்டி."

"விசர்க்கதை! இவள் வளவை விட்டு வெளிக்கிட்டதே இல்லை."

"அவள் வெளிக்கிடேல்லை. உள்ளுக்கு ஆரோ வந்திட்டுப் போயிருக்கினம்."

அங்கிள் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். "வேலியிலை ஒரு பலகை கழண்டு கிடந்தது..." என்று முனகினார். தாட்சாயினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாய்களை ஏற்றி வெட்டும் உயரமான மேசையை அன்று அவள் தொடவில்லை. தரையில் ரப்பர் பாயை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில், உண்ணி மருந்து கலக்காத ஷாம்பூ போட்டுக் கழுவினாள். காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல் வேண்டாமென்று துவாயால் ஒற்றித் துடைத்தாள். மல்லாத்தாமல் பக்கவாட்டில் படுக்கவைத்து, குட்டிகள் பால் குடிக்க வசதியாக முலைக்காம்புகளைச் சுற்றிச் சடைபிடித்திருந்த முடியை மெதுவாக வெட்டினாள். முதுகுக்கு வந்தபோது பெப்பிக்கு மூச்சிரைத்தது. தாட்சாயினி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதென்ன அரைகுறையாய்?"

"இண்டைக்கு இவளுக்கு இவ்வளவும் காணும் அங்கிள். மிச்சம் குட்டி போட்டாப் பிறகு. நாளைக்கே மிருக டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நல்ல வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டார் என்றுதான் தாட்சாயினி நினைத்தாள்.

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது.

"பிள்ளை, ஸ்கானிலை அஞ்சு குட்டி! பத்து நாளிலை போடுமாம். 'ஆர் இவ்வளவு கவனமா வெட்டினது?' எண்டு டொக்டர் கேட்டவர். உன்ரை பேரைச் சொன்னனான்."

"பேர் இருக்கட்டும் அங்கிள். படத்துக்கு என்ன செய்யப்போறியள்?"

"நாளைக்கு நடுவிலை அவள்தான் இருப்பாள். நீயும் வாறாய். மண்டபத்துக்கு ஏழு மணிக்கு, மறந்திடாதை."

தாட்சாயினி போனாள். கேக் வெட்டுமுன் அங்கிள் பெப்பியின் செய்தியை மண்டபம் முழுக்க அறிவித்தார். பிறந்தநாளைவிட அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.