காலில் பட்ட எழுத்து

அந்தக் கணினித் திரையில் என் முதுகுதான் தெரிந்தது. திறந்திருந்த மரப்பெட்டிக்குள் குனிகிறேன், கை உள்ளே போகிறது, வெளியே வந்து முகத்தருகே போகிறது. அவ்வளவுதான். கமரா பின்னாலிருந்து பிடித்ததால், எதையோ எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்ட கள்ளனாகவே தெரிந்தேன். மேற்பார்வையாளர் அதை நான்கு தரம் ஓட்டிக் காட்டினார். ஐந்தாம் தரம் ஓட்டியபோது எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

கனடாவில், மொன்றியலில் சென்ட் லோரன்ட் பக்கம் ஒரு களஞ்சியம். கண்காட்சிகளுக்கு வரும் பழம்பொருட்களை இறக்கி, பரிசோதித்து, மறுபடி பொதி செய்து அனுப்புகிற இடம். நான் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து பேருந்தில் போய் வருவேன். சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. முடிந்தால் நிரந்தர வேலைக் கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதம் இருந்தால்தான் யாழ்ப்பாணத்தில் தனித்திருந்த அம்மாவை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிடலாம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "தம்பி, கடிதம் தந்திட்டாங்களோ?" "பொறுங்கோ அம்மா, தருவாங்கள்" என்பேன்.

அந்த மாசியில் பண்டைச் சீனத்துப் பொருட்கள் வந்திறங்கின. அவற்றைப் பரிசோதிக்கும் பொறுப்பு ஒரு சீனப் பெண்ணுக்கு. ஐம்பதைத் தாண்டியவர், சிரிப்பென்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற முகம். மனத்துக்குள் அவரைச் சீன அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அவர் பேசியது உடைந்த பிரெஞ்சு, நான் பேசியது அதைவிட உடைந்தது; ஆனாலும் என் காதில் அது எங்கட தமிழாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன். "மெல்ல, மெல்ல! உன்ர அவசரத்துக்கு உடைஞ்சு போறதுக்கே இது மூவாயிரம் வருசம் தப்பி வந்தது?" என்று முதல் நாளே ஏசினார்.

ஏசிக்கொண்டே கதையும் சொல்வார். ஒவ்வொரு பெட்டியும் ஒரு காலம். மஞ்சள் ஆற்றங்கரையில் தினை விதைத்தவர்களின் மண்பானை. இரும்பு அறியாத நாளில் மணலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே வடித்த பச்சைக்கல். முன்னோருக்குச் சோறும் மதுவும் படைக்கக் களிமண் அச்சில் வார்த்த வெண்கலப் பாத்திரங்கள். "செத்தவைக்கு வெண்கலம், உயிரோட இருக்கிறவைக்கு மண்சட்டி" என்று முணுமுணுத்தார். நாடுகளை அடித்து ஒன்றாக்கி, எழுத்தையும் வண்டி அச்சின் அகலத்தையும்கூட ஒன்றாக்கிய முதல் பேரரசன் காலத்து எடைக்கல். கல்லறையில் உக்காமல் தப்பிய பட்டுத்துண்டு. காகிதம் அதற்கெல்லாம் பிந்தித்தான் வந்ததாம். "அப்ப முந்தி எதில எழுதினவை?" என்று கேட்டேன். அடுத்த பெட்டியைத் திறந்தார்.

உள்ளே கிடந்தது ஒரு மாட்டின் தோள் எலும்பு. அரசன் தன் முன்னோரிடம் கேள்வி கேட்பான்; எலும்பில் சூடு வைப்பார்கள்; வெடிப்பு ஓடுகிற விதம்தான் பதில். கேட்ட கேள்வியை அதிலேயே கீறி வைத்தார்கள். மழை வருமா, விளைச்சல் எப்படி, மனைவிக்குச் சுகப்பிரசவமா, இந்தப் பல்வலி எந்தப் பாட்டனின் கோபம்! கோயிலில் பூ வைத்துக் கேட்கிற எங்கள் சனத்துக்கு இதெல்லாம் புதினமில்லை. "நீ எண்டால் என்ன கேட்பாய்?" என்றார். "அம்மா எப்ப வருவா எண்டு கேட்பன்." அன்றுதான் அவர் சிரித்ததைக் கண்டேன்.

அந்தச் சந்தோசத்தில்தான் சனியன் பிடித்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கக் கையுறையைக் கழற்றினேன். திரும்பும்போது சப்பாத்து பெட்டியில் இடித்தது. எழுத்தில் கால் பட்டால் எங்கள் கை யாரையும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. குனிந்து, எலும்பின் ஓரத்தை விரல்நுனியால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன். ஒற்றிய பிறகுதான் வெறுங்கை என்பது உறைத்தது. வெறுங்கையால் தொட்டவனுக்கு அன்றோடு வேலை இல்லை. விதி சுவரிலேயே ஒட்டியிருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சீன அக்கா பார்த்துவிட்டார். மூடியைப் போட்டார்.

மறுநாள் காலை இருவரையும் கூப்பிட்டார்கள். அலுவலக வாசலில் நிற்கும்போது, "ஏன் அப்பிடிச் செய்தனி?" என்று சீன அக்கா கேட்டார். சொன்னேன். "எங்கட பக்கத்திலயும் எழுதின கடுதாசியை மிதிக்க விட மாட்டினம். தெருவில கிடந்தால் பொறுக்கி, அதுக்கெண்டே கட்டின அடுப்பில எரிக்கிறது எண்டு அப்பா சொல்லுவார்."

உள்ளே, படம் ஓடி முடிந்ததும், மரியாதைக்காகத் தொட்டேன் என்று விளக்கப் பார்த்தேன். "மரியாதை இருந்தால் ஏன் தொட்டாய்?" என்றார் மேற்பார்வையாளர். நியாயமான கேள்வி! எங்களுக்கு மரியாதை என்றால் தொட்டுக் கும்பிடுவது. அந்த அறையில் மரியாதை என்றால் தொடாமல் விடுவது. அவர் ஒரு படிவத்தை இழுத்து என் பெயரை எழுதத் தொடங்கினார். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்வது என்பதுதான் என் தலைக்குள் ஓடியது.

"நான்தான் பிடிக்கச் சொன்னன்" என்றார் சீன அக்கா. "நான் பெட்டியை வடிவா வைக்கேல்லை. சரியப் பார்த்தது, பிடி எண்டு கத்தினன். பிறகு அவன் கண்ணாடியைத்தான் தூக்கி விட்டவன். பிழை என்ர."

கமராவில் சத்தம் பதிவதில்லை. பேனா நின்றது. மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். "உண்மையா?"

"ஓம்" என்றேன், பிரெஞ்சில்.

கடிதம் கிடைத்தது. சீன அக்காவைப் பொருட்களுக்குக் கிட்ட விடாமல் பதிவேட்டு வேலையில் போட்டார்கள். பனி கரைந்தபோது அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாளில் அவர் மேசையைத் துப்பரவாக்கும்போது நான் கழிவறைக்குள் ஒளிந்து நின்றேன். அதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது.

அம்மாவின் விண்ணப்பம் வருடக்கணக்கில் இழுபட்டது. மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்த கிழமையில், அம்மா நித்திரையிலேயே போய்விட்டார்.

போன மாதம் பார்க் மெட்ரோவில் சீன அக்காவைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகளுடன் கிட்டப் போனேன். வாய் திறக்க முன்னரே என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா வந்திட்டாவோ?"

ரயில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஓம் அக்கா. வந்திட்டா. சுகமா இருக்கிறா."

பிடித்த கையை அவர் உடனே விடவில்லை. "அப்ப நான் செய்தது பிழையில்லை" என்றார். பிறகு ரயிலில் ஏறிப் போனார்.